மேலே பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லையா? வீட்டுத் துப்பாக்கியும் ஊர் வழக்கமும்: சட்டம் சொல்வது என்ன?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள துப்பாக்கிச் சுடுதளத்தில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சுடுதளத்துக்கு வெளியே, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தும் பலனில்லை. 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தச் சிறுவன் இறந்துபோனான்.

சுட்டவர்கள் முறையாகப் பயிற்சி பெறுபவர்கள். சுட்ட இடம் அரசு அனுமதித்த சுடுதளம். கண்காணிக்க அதிகாரிகள் இருந்தார்கள். அப்படியும் ஒரு தோட்டா எல்லை தாண்டி ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

இனி இதே தோட்டாவை ஒரு கல்யாணப் பந்தலில் வைத்துப் பாருங்கள். அங்கே பயிற்சி கிடையாது, எல்லை கிடையாது, சுற்றிலும் நூறு சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். "எங்க தாத்தா காலத்துல இருந்தே வழக்கம்", "மேல பார்த்துத்தானே சுடுறோம்", "லைசென்ஸ் இருக்குல்ல" என்ற மூன்று வாக்கியங்கள்தான் அங்கே பாதுகாப்பு ஏற்பாடு. இந்த மூன்றுமே ஏன் செல்லாது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சுருக்கமாக

• கொண்டாட்டத்துக்காகத் துப்பாக்கி சுட்டு மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினால், யாருக்கும் காயம் படாவிட்டாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• உரிமம் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத்தான். அவர் குடும்பத்துக்கு அல்ல.

• உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். பரணில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும்.

• பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம், வேட்டைக்கான அனுமதி அல்ல.

மதுரைப் பக்கம் துப்பாக்கி எங்கே இருக்கிறது?

மதுரை வட்டாரத்தில் ஆயுதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அரிவாள்தான். அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பருக்கு நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாள் செய்து வைக்கிறார்கள். பக்கத்து சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு மாநிலம் முழுக்கப் பெயர் உண்டு. ஊர்க்காவல் சாமிகளின் கையில் இருக்கும் ஆயுதம், காவலின் அடையாளம். இதில் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. அந்த அரிவாளைத் தூக்கி நடுரோட்டில் கேக் வெட்டி, ரீல்ஸ் போடும்போதுதான் போலீஸ் வழக்குப் பதிவு செய்கிறது.

துப்பாக்கி அந்த அளவு வெளியே தெரிவதில்லை. ஆனால் இருக்கிறது. பழைய ஜமீன், மிராசு குடும்பங்களில் பரம்பரையாக வந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகள் ஒரு வகை. ஓய்வு பெற்ற ராணுவத்தினர் உரிமத்தோடு வைத்திருப்பவை இன்னொரு வகை. வங்கி வாசலிலும் ஏடிஎம் பண வேனிலும் பார்க்கும் துப்பாக்கிகளில் பல, காவலாளியாக வேலை பார்க்கும் அந்த முன்னாள் ராணுவத்தினரின் சொந்தத் துப்பாக்கிகளே. மூன்றாவது, மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி, குரங்குத் தொல்லைக்கென்று வாங்கியவை. நான்காவது, உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள்.

ஒவ்வொரு தேர்தலின்போதும் "உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும்" என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. யார் ஒப்படைக்க வேண்டும், யாருக்கு விலக்கு என்பதை அதற்கான குழு பரிசீலித்து முடிவு செய்கிறது. வங்கிக் காவலாளிகள், விளையாட்டு வீரர்கள் போன்றோர் விலக்கு கேட்பது வழக்கம். நகரத்தில் வளர்ந்த பலருக்கும், தங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதே அந்தச் சமயத்தில்தான் தெரியவரும்.

இவற்றில் பெரும்பாலானவை தினமும் பயன்படுபவை அல்ல. ஆயுத பூஜைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப உள்ளே வைக்கப்படுபவை. "சும்மாதான் கிடக்கு" என்பார்கள். விபத்துகளுக்கு வழிவிடுவதும் பல நேரம் இந்த 'சும்மா கிடக்கும்' துப்பாக்கிதான். அதில் குண்டு இருக்கிறதா இல்லையா என்பது கடைசியாகத் தொட்டவருக்கு மட்டுமே தெரியும்.

மேலே சுட்ட தோட்டா எங்கே போகும்?

கீழே வரும். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி.

நேர் செங்குத்தாக மேலே போன துப்பாக்கித் தோட்டா, உச்சியில் நின்று, திரும்ப விழும்போது காற்றின் தடையால் பெருமளவு வேகம் இழக்கும். அப்படியும் விநாடிக்குச் சுமார் 60 முதல் 90 மீட்டர் வேகம் இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். மனிதத் தோலைத் துளைக்க ஏறக்குறைய அந்த வேகமே போதும். தலையில் பட்டால் உயிர் போகலாம்.

இது நேர் செங்குத்தாகச் சுட்டால். கூட்டத்தில் நின்று ஒரு கையால் தூக்கிச் சுடுபவர் கோணம் பார்த்தா சுடுகிறார்? கொஞ்சம் சாய்ந்தாலும் தோட்டா வளைவாகப் போகும், நேர் செங்குத்தாக விழுவதைவிட அதிக வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும், தொலைவில் எங்கோ இறங்கும். சுட்டவருக்கு யார் மேல் பட்டது என்றே தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1999-ல் இப்படித்தான் வானத்தை நோக்கி யாரோ சுட்ட குண்டு, தன் வீட்டுத் தோட்டத்தில் நின்ற 14 வயதுச் சிறுமியின் உயிரைப் பறித்தது. அவள் பெயரிலேயே 'ஷானன் சட்டம்' என்று அரிசோனா மாநிலம் 2000-ல் சட்டம் கொண்டுவந்தது. கவனமின்றி ஊருக்குள் துப்பாக்கி சுடுவது அங்கே பெருங்குற்றம். துப்பாக்கி வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமையாகவே பார்க்கும் நாட்டில், அதுவும் துப்பாக்கிக்கு ஆதரவான மாநிலத்தில் வந்த சட்டம் இது.

"கூரையைப் பார்த்துத்தான் சுட்டேன்": உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்தியாவில் கொண்டாட்டத் துப்பாக்கிச்சூடு வட மாநிலக் கல்யாணங்களில் அதிகம். உத்தராகண்டில் 2007-ல் ஒரு திருமண விழாவில் ஒருவர் தன் உரிமத் துப்பாக்கியால் சுட்டார். சிதறிய ரவைகள் பட்டு ஐந்து பேர் காயமடைந்தனர். அவர்களில் இரண்டு பேர் இறந்தனர். யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை, கூரையை நோக்கித்தான் சுட்டார் என்பது அவர் தரப்பு வாதம்.

பகவான் சிங் எதிர் உத்தராகண்ட் அரசு என்ற அந்த வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொல்லும் நோக்கம் இல்லை என்பதை ஏற்று, கொலைக் குற்றச்சாட்டைக் குறைத்தது. ஆனால் விடுவிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே சுட்டால் ரவை சிதறிப் பலர் மேல் படும் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. தற்காப்புக்காக உரிமம் பெற்ற துப்பாக்கியைக் கொண்டாட்டத்தில் சுடக் கூடாது என்றும், அது அந்தஸ்தைக் காட்டும் பழக்கமாகிவிட்டது என்றும் நீதிமன்றம் வருத்தம் தெரிவித்தது.

'எண்ணம் இல்லை' என்பது தண்டனையைக் குறைக்கலாம். பொறுப்பை நீக்காது. இந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

2019-ல் என்ன மாறியது?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019 டிசம்பரில் முக்கியமான திருத்தங்கள் வந்தன.

• ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

• உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது.

• உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பதற்கும் விற்பதற்கும் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

• 'கொண்டாட்டத் துப்பாக்கிச்சூடு' என்பதே தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பொதுக்கூட்டம், வழிபாட்டுத் தலம், கல்யாணம், வேறு எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் பொருந்தும்.

கடைசி அம்சம்தான் பெரிய மாற்றம். முன்பெல்லாம் யாராவது காயம்பட்டால்தான் பெரிய வழக்கு. இப்போது மற்றவர்களின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாகும்படி சுட்டாலே போதும். யாராவது இறந்தால் இதோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழான வழக்குகளும் சேரும். கவனக்குறைவால் மரணம் என்றாலே 5 ஆண்டு வரை சிறை உண்டு.

உரிமம் வாங்குவதும் முன்பு மாதிரி இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி, உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்று ஆகியவை வேண்டும். உரிமத்துக்கு தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத பழைய உரிமப் புத்தகம் வெறும் காகிதம்தான்.

ஏர்கன் வாங்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இந்த விதிகளில் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டம் அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தால் ஏர்கன்னுக்கும் உரிமம் தேவை. 'ஆன்லைன்ல வந்தது, பொம்மை மாதிரிதான்' என்ற பதில் ஸ்டேஷனில் எடுபடாது.

அப்படியானால் குடகில் மட்டும் எப்படி?

இந்த விவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் குடகைக் கொண்டுவருவார். நியாயமான கேள்விதான்.

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பாரம்பரிய நில உரிமை கொண்டவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே தொடரும் சலுகை இது. ஆண்டுதோறும் செப்டம்பரில் வரும் கைல்போல்து திருவிழாவில் துப்பாக்கிகளுக்குப் பூ வைத்து வழிபடுவார்கள். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடக்கும். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, யாராவது இறந்தால் இரண்டு வேட்டு என்று சுட்டு ஊருக்குச் சேதி சொல்வது அவர்கள் மரபு. தொலைபேசி இல்லாத காலத்தில், மலைக்கு மலை தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும் நாட்டில், அது செய்தி அனுப்பும் வழி.

மத்திய அரசு 2019-ல் இந்த விலக்கை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் இப்படிச் சலுகை தருவது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்குப் போடப்பட்டது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த விலக்கு காலவரையறையும் நிபந்தனைகளும் கொண்டது. இரண்டு, உரிமம் எடுப்பதிலிருந்துதான் விலக்கு. கவனக்குறைவாகச் சுட்டு ஒருவரைக் காயப்படுத்தினால் குடகிலும் குற்றம்தான். மரபை மதித்து வாசலைத் திறந்த சட்டம், பொறுப்பிலிருந்து யாரையும் வெளியே விடவில்லை.

தமிழ்நாட்டில் எந்தச் சமூகத்துக்கும் இப்படியொரு பொது விலக்கு கிடையாது. 'எங்க வம்சத்துக்கு உரிமை உண்டு' என்ற பேச்சுக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை.

நாட்டுத் துப்பாக்கி ஏன் கூடுதல் ஆபத்து?

இன்றைய துப்பாக்கியில் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி. நாட்டுத் துப்பாக்கியில் அப்படி முடியாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். ஒருமுறை இறுக்கிவிட்டால் திரும்ப எடுப்பது சிரமமான, ஆபத்தான வேலை. அதனால் சுடாமல் வீடு திரும்பினால், அப்படியே மருந்தோடு மூலையில் சாத்தி வைப்பது பழக்கமாகிவிடுகிறது. அடுத்த நாள் அதைத் தொடுவது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

மருந்தின் அளவு கைக்கணக்கு. கொஞ்சம் கூடினால் குழல் வெடித்து, சுட்டவர் முகத்திலேயே சிதறும். மருந்து ஈரமாக இருந்தால் விசையை அழுத்தியும் வெடிக்காது. 'புஸ்ஸுன்னு போச்சு' என்று குழலைத் திருப்பிப் பார்க்கும்போது தாமதமாக வெடிக்கக்கூடும்.

இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் புதர் அசைவதைப் பார்த்து 'பன்றி' என்று சுட்டு, கூட வந்தவரையே வீழ்த்திய சம்பவங்கள் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. அப்போது நடப்பது இரட்டைச் சோகம். துப்பாக்கி சட்டவிரோதம் என்பதால் ஆம்புலன்ஸை அழைக்கவே பயம். அந்தப் பயத்தில் போகும் நிமிடங்கள்தான் பல நேரம் உயிரைக் கொண்டுபோகின்றன.

பன்றி பயிரை அழிக்கிறதே, விவசாயி என்ன செய்வார்?

இது கற்பனைப் பிரச்சினை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பேரையூர் பக்கமும், அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலும் மக்காச்சோளம், நிலக்கடலை போட்டவருக்கு ஒரே இரவில் பன்றிக் கூட்டம் என்ன செய்யும் என்று தெரியும். தூங்காமல் காவல் காப்பவரிடம் போய் 'சட்டப்படி நடங்க' என்று சொல்வது எளிது.

ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்பு என்ற தேவையை ஏற்கிறது. அதற்கு வாய்வழி மருந்து இறுக்கும் துப்பாக்கி போதும் என்று அதிகாரி கருதினால், அதற்கு உரிமம் தரலாம். ஆனால் அந்த உரிமம் கையில் இருப்பதாலேயே விலங்கைக் கொல்லலாம் என்று ஆகாது. அதை முடிவு செய்வது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இரண்டு சட்டம், இரண்டு அனுமதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தாண்ட முடியாது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதில் ஒரு நடுவழியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது விவசாயி அல்ல, வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்.

வனத்துறை வந்து சேருவதற்குள் பயிர் போய்விடும் என்பது விவசாயிகளின் குறை. அது நியாயமான குறை. ஆனால் அதற்கான தீர்வு, வேகமாக வரும் வனத்துறையும் காலத்தில் கிடைக்கும் இழப்பீடும்தான். உரிமமில்லாத துப்பாக்கி, 'அவுட்டுக்காய்' எனப்படும் வெடிமருந்து உருண்டை, மின்வேலி ஆகிய மூன்றுக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆடு மேய்க்கப் போனவரும் அதில் சிக்குவார்.

நரிக்குறவர்களின் கதை

மரபும் சட்டமும் முட்டிக்கொண்டதில் அதிகம் இழந்தவர்கள் யார் என்று கேட்டால், நரிக்குறவர்களைச் சொல்ல வேண்டும். வேட்டைதான் அவர்கள் தொழில். நாட்டுத் துப்பாக்கி அந்தத் தொழிலின் கருவி. அவர்களில் சிலர் அதற்கு உரிமமும் வைத்திருந்தார்கள். வனவிலங்குச் சட்டம் வந்ததும் தொழில் குற்றமாகியது. பாசிமணி, ஊசி என்று வாழ்க்கை மாறியது.

'மரபு' என்ற பெயரில் கல்யாண வீட்டில் துப்பாக்கி தூக்குபவருக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்களுக்குத் துப்பாக்கி பெருமை இல்லை, வயிற்றுப்பாடு. 2023 தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு மரபைச் சட்டம் நிறுத்தும்போது, அதை நம்பி வாழ்ந்தவருக்கு மாற்றுவழி தர வேண்டிய கடமையும் சட்டத்துக்கு உண்டு. அரை நூற்றாண்டு தாமதமாக அந்தக் கடமையின் முதல் தவணை கட்டப்பட்டிருக்கிறது.

தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருந்தால்?

நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்குப் போய்ப் பழைய வீட்டை ஒழிக்கும்போது பரணில் ஒரு துப்பாக்கி கிடைப்பது சினிமாக் காட்சி மட்டும் இல்லை. அப்போது செய்ய வேண்டியவை இவை.

முதலில், எடுத்துப் பார்க்கக் கூடாது. விசையை இழுத்துச் சோதிக்கக் கூடாது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, குண்டு நிரம்பியிருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று தேட வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டாலோ, உரிமம் காலாவதி ஆகிவிட்டாலோ, ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். தானே பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புவதைவிட, முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது நல்லது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க வேண்டும்.

பிறகு, குடும்பத்திலேயே வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் சட்டம் வழி வைத்திருக்கிறது. உரிமம் பெற்றவர் இறந்த பிறகு சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை நியமிக்கலாம். வாரிசுக்கும் தகுதிகள் பொருந்தும். 'அப்பாவோடது, அதனால என்னோடது' என்று தானாக மாறாது.

'ரொம்பப் பழசு, வேலை செய்யாது' என்ற வாதத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. 45-வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். துரு நீக்கி எண்ணெய் போட்டால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். அதை முடிவு செய்வது வீட்டுக்காரர் அல்ல.

அப்பாவின் உரிமத் துப்பாக்கியை மகன் விழாவில் எடுத்துச் சுட்டால்? சுட்டவரும் சிக்குவார், கொடுத்தவரும் சிக்குவார். ஒரு வீட்டில் இரண்டு வழக்கு.

மதுரைக்கு இந்தப் பாடம் புதிதா?

இல்லை. மரபையும் எச்சரிக்கையையும் ஒரே வாடிவாசலில் நிறுத்தி வைத்த ஊர் இது.

ஜல்லிக்கட்டு 2009-ல் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் போராட்டத்துக்குப் பிறகு மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இன்று அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் முன்பதிவு, வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, காளைகளுக்குக் கால்நடை மருத்துவர் சான்று, இரட்டைத் தடுப்பு வேலி, தயார் நிலையில் ஆம்புலன்ஸ் எல்லாம் வழக்கமாகிவிட்டன. 'வேலி போட்டால் வீரம் போச்சு' என்று யாரும் இப்போது சொல்வதில்லை. உயிரிழப்புகள் இன்னும் முழுசாக நிற்கவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் ஆண்டுக்கு ஆண்டு விதிகள் இறுகுகின்றன.

ஆனால் ஜல்லிக்கட்டை உதாரணம் காட்டி 'துப்பாக்கி வேட்டையும் விதியோடு அனுமதிக்கலாமே' என்று கேட்டால், அங்கே ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. வாடிவாசலில் இறங்கும் வீரர் ஆபத்தைத் தெரிந்து, பெயர் கொடுத்து, தானாக இறங்குகிறார். அவருக்கும் காளைக்கும் இடையே நடப்பது அது. பார்வையாளருக்குத்தான் ஆபத்து வரக் கூடாது என்று வேலி. துப்பாக்கி விஷயம் தலைகீழ். சுடுபவர் பத்திரமாக நிற்கிறார். ஆபத்து முழுவதும் பெயர் கொடுக்காதவர்களுக்கு: பந்தியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, பக்கத்துத் தெருவில் விளையாடும் பிள்ளை, தாத்தா வீட்டுக்கு வந்த பேரன்.

ஒரு மரபு ஆபத்தானதா என்று கேட்பதைவிட, ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். தன் உடம்பைப் பணயம் வைப்பது வீரமாக இருக்கலாம். அடுத்தவர் பிள்ளையைப் பணயம் வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

திருவிழா அதிர்வேட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும். கேரளத்தின் கொல்லம் மாவட்டம் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10-ம் தேதி அதிகாலை, அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் நடந்த வாணவேடிக்கையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 'வருஷா வருஷம் நடக்குறதுதானே' என்ற ஒரே நம்பிக்கையில் கூடிய கூட்டம் அது. நூறு வருடம் விபத்தில்லாமல் நடந்தது என்பது, நூற்றி ஒன்றாவது வருடத்துக்கான உத்தரவாதம் இல்லை.

நான்கு விதிகள்

உலகம் முழுவதும் துப்பாக்கி சுடும் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் விதிகள் இவை.

1. எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே நினை. 'காலியாத்தான் இருக்கு' என்று யார் சொன்னாலும் நம்பாதே.

2. சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. விளையாட்டுக்குக்கூட.

3. குறி பார்க்கும் வரை விசை மேல் விரல் வைக்காதே.

4. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே.

வானத்தை நோக்கிச் சுடுவது நான்காவது விதியை மீறுகிறது. வானத்துக்குப் பின்னால் ஊர் இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பவருக்கு ஐந்தாவதாக ஒன்று: துப்பாக்கி தனியே பூட்டி, தோட்டா தனியே பூட்டி, சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில்.

விருந்தாளிக்கும் பொறுப்பு உண்டா?

சுடுபவர் ஒருவர். கைதட்டி வீடியோ எடுப்பவர்கள் ஐம்பது பேர். அந்தக் கைதட்டலுக்காகத்தான் துப்பாக்கி வெளியே வருகிறது. கூட்டத்தில் ஒரு பெரியவர் 'உள்ள வைப்பா' என்று சொன்னால் பல நேரம் அதுவே போதும். சொல்லியும் கேட்கவில்லை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து கிளம்பி, 112-க்கு அழைக்கலாம். 'சொந்தத்துக்குள்ள எதுக்குப் பிரச்சினை' என்று தோன்றும். ஆனால் குண்டு பட்ட பிறகு வரும் பிரச்சினையும் அதே சொந்தத்துக்குள்தான் வரும்.

பழைய தலைமுறையிடமும் எச்சரிக்கை இருந்தது. துப்பாக்கியைத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது, குடித்துவிட்டு எடுக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு கட்டுப்பாடு வைத்திருந்தவர்கள்தான் அவர்கள். துப்பாக்கியை மட்டும் வாரிசாக வாங்கிக்கொண்டு அந்தக் கட்டுப்பாட்டைப் பரணிலேயே விட்டுவிட்டால், கைக்கு வந்தது பாதி மரபுதான்.